இரும்பு தேடி ஓடாதீர்கள்

"சேர், நேற்று ஒரு ஃபிட்ஸ் கேஸ் பார்த்தனான்" என்று இளம் டொக்டர்களான உங்களில் ஒருவர் போன கிழமை என்னிடம் பெருமையாகச் சொன்னார். பெயரைச் சொல்ல மாட்டேன். இதை வாசிக்கும்போது அவருக்குக் காது சூடாகும், அது போதும். வலிப்பு உடம்பில் எங்கே தொடங்கியது என்று கேட்டேன். "ஸ்கான் எடுத்தாச்சு சேர், வலது பக்கத்தில கட்டி" என்றார். கட்டி எங்கே என்று நான் கேட்கவில்லையே. திரும்பவும் கேட்டேன். தம்பி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஓய்வு பெற்றவன் வாயைத் திறந்தால் "எங்கட காலத்தில" என்றுதான் தொடங்குவான், தெரியும். உங்கள் ஸ்கான் இயந்திரத்தில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது இருந்திருந்தால் நான் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருப்பேன். ஆனால் இயந்திரம் கட்டி இருக்கும் இடத்தைச் சொல்லும், அந்தக் கட்டி மனிதனை என்ன பாடு படுத்துகிறது என்பதைச் சொல்லாது. அதை நீங்கள்தான் கட்டிலருகே நின்று பார்க்க வேண்டும். இந்தப் பார்வை எனக்கு எப்படிப் பிடிபட்டது என்பதற்குக் கொட்டாஞ்சேனை சேவியரின் கதையைச் சொல்கிறேன். அவர் உயிரோடு வீடு போய்ச் சேருவாரா என்பது கடைசியில் வலிப்பின் முதல் சில விநாடிகளை யார் பார்த்தார்கள் என்பதில் வந்து நின்றது.

வெள்ளைக்காரன் ஆட்சி, இரண்டாம் உலக யுத்த காலம். நான் வெள்ளவத்தையிலிருந்து காலைக் கடற்கரை ரயிலில் வந்து, கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்ட்டில் வேலை பார்த்த புது டொக்டர். வலிப்புக்கு எங்களிடம் இருந்தவை புரோமைட் தண்ணீரும் ஃபீனோபார்பிட்டோன் குளிசையும்தான். புதிதாக இன்னொரு மருந்து வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டோம், அதைக் கொண்டு வரும் கப்பலைத்தான் காணவில்லை.

வார்ட்டுக்குப் பொறுப்பாக இருந்த பெரிய டொக்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாராவது "வலிப்பு" என்று சொன்னால் அவருக்கு மூக்கின்மேல் கோபம் வரும். "வீட்டில் சத்தம் கேட்டது என்றால் போதுமா? குசினியிலா, கூரையிலா?" என்பார். பிறகு, "செய்து காட்டு" என்பார். கண்டவர், அவர் நோயாளியின் மாமாவாக இருந்தாலும் சரி, நாங்களாக இருந்தாலும் சரி, அந்த இடத்திலேயே வலிப்பை நடித்துக் காட்ட வேண்டும். கழுத்துப்பட்டியோடு வார்ட் தரையில் விழுந்து கை காலை உதறிய டொக்டர்களில் நானும் ஒருவன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து ரசிப்பார்கள். வெட்கமாக இருக்கும். ஆனால் நடிக்கத் தொடங்கினால்தான், எதைக் கண்டோம், எதைக் காணாமலே எழுதினோம் என்பது பிடிபடும்.

சேவியர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நாற்பதைத் தாண்டிய, நல்ல உடற்கட்டு உள்ள மனிதர். அவரை வார்ட்டுக்குக் கூட்டி வந்தபோது பாதித் தூக்கத்தில் இருந்தார். கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வார். வெளியே ஒரு டிஸ்பென்சரியில் புரோமைட் கொடுத்திருந்தார்கள். வலிப்பு நிற்கவில்லை, அளவைக் கூட்டினார்கள், பிறகும் கூட்டினார்கள். அதனால் எங்கள் வார்ட்டில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். இது சாதாரண வலிப்பு நோய், தூக்கம் புரோமைட்டால் வந்தது, அதைக் குறைத்தால் தெளிந்துவிடுவார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அவருடைய மனைவி பிலோமினாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"எப்ப தொடங்கினது அக்கா?"

"போன நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு டொக்டர். அதுக்கு முந்தி இவர் வருத்தம் எண்டு ஒரு நாள் படுத்த மனிசன் இல்லை."

"தலையிடி?"

"விடியக் காலமை எழும்பேக்க தலையைப் பிடிச்சுக்கொண்டுதான் எழும்புவார். சத்தியும் எடுப்பார். பிறகு வேலைக்குப் போயிடுவார்."

நாற்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக வலிப்பு, விடியலில் தலையிடி, வாந்தி. இவை மூன்றும் ஒன்றாக வந்தால் மண்டைக்குள் ஏதோ வளர்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று நிரூபிக்கும் வேலை மற்றவர்களுடையது. தூக்கத்துக்கும் மருந்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மருந்து பேசாது, அதனால் அதன் மேல் பழி போடுவது சுலபம்.

"செய்து காட்டுங்கோ அக்கா" என்றேன்.

பிலோமினா வெட்கப்பட்டார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துத் தலையைப் பின்னால் சாய்த்து இரண்டு கையையும் உதறிக் காட்டினார். அருமையான நடிப்பு. ஆனால் கதையின் நடுவிலிருந்து தொடங்கிய நடிப்பு.

"இதுக்கு முதல் என்ன நடக்கும்?"

"அது எனக்குத் தெரியாது டொக்டர். நான் இரும்பெடுக்க ஓடிப் போயிடுவன்."

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது கொழும்பில் எல்லாச் சனத்துக்கும் பொதுவான சட்டம். வேதம், பாஷை என்று எத்தனையோ விஷயத்தில் பிடுங்குப்படும் ஊர், இந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக நிற்கும். சாவிகள் கோர்த்த திறப்புக்கோவை, ஆணி, கத்தி, எது கிடைத்தாலும் சரி. இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. அது தானாக நிற்கும் நேரத்தில் இரும்பு கையில் இருக்கும், பெயர் இரும்புக்குப் போய்விடும். ஆனால் அதில் இருக்கும் உண்மையான கெடுதலை அன்றைக்குத்தான் கண்டேன். வலிப்பு தொடங்கியதும் பக்கத்தில் இருப்பவர் இரும்பு தேடி ஓடுகிறார். நாம் மிகவும் தெரிந்துகொள்ள வேண்டிய அந்தத் தொடக்கத்தை ஒருவருமே பார்ப்பதில்லை.

"வலிப்பு வருதெண்டு எப்பிடித் தெரிஞ்சு ஓடுவீங்கள்?"

"அவரே சொல்லுவாரே. 'பிலோமினா, வருது' எண்டு கூப்பிடுவார். நான் குசினிக்கு ஓடித் திறப்புக்கோவையைக் கொண்டு வரேக்க உடம்பு முழுக்க அடிச்சுக்கொண்டிருக்கும்."

வருகிறது என்று அவரே சொல்கிறார்! முழு மூளையையும் ஒரே அடியாகப் பிடிக்கும் வலிப்பு அறிவிப்புக் கொடுத்துவிட்டு வராது. ஏதோ ஓரிடத்தில் தொடங்கி, அவருக்கு நினைவு இருக்கும்போதே ஊர்ந்து வந்து, பிறகுதான் ஆளை விழுத்துகிறது. முடிவில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். தொடக்கத்தைப் பார்த்தவனுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

"திறப்பை எந்தக் கையில குடுப்பீங்கள்?"

"வலது கையிலதான். இடது கையில குடுக்கேலாது டொக்டர், அது அப்பவே இறுகிப் போய்க் கிடக்கும். விரலைப் பிரிக்க ஏலாது."

இதைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். இடது கைதான் முதலில் என்றால், அதை ஆளும் மூளையின் வலது பக்கத்தில்தான் தேட வேண்டும். ஆனால் சொல்லக் கேட்டது போதாது. கண்ணால் காண வேண்டும்.

அன்றைக்கே வார்ட்டில் இரும்புக்குத் தடை போட்டேன். எங்கள் பணியாளர் ஒருவர், வயதான சிங்களவர், இளகிய மனது, சேவியரின் கட்டில் கம்பியிலேயே ஒரு திறப்பைக் கட்டி வைத்திருந்தார். நான் அதை அவிழ்த்ததும், "பவ் நே, மாத்தையா", பாவம்தானே ஐயா, என்று எனக்காகவும் நோயாளிக்காகவும் சேர்த்துப் பரிதாபப்பட்டார். கண்ணில் பட்ட திறப்பையெல்லாம் என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். வார்ட்டின் துணி அலுமாரியைத் திறக்க முடியாமல் தலைமைத் தாதி என்னைத் தேடி வந்து, வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார்.

பிலோமினாவை வழிக்குக் கொண்டு வருவதுதான் கஷ்டமாக இருந்தது.

"அடுத்த முறை அவர் கூப்பிட்டா ஓடாதேங்கோ. பக்கத்தில நிண்டு ரெண்டு கையையும் பாருங்கோ."

"பாத்துக்கொண்டு சும்மா நிக்கிறதோ? நான் அவற்ற பெஞ்சாதி டொக்டர்!"

"அதாலதான் உங்களைக் கேக்கிறன்."

அவர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்தக் கிழமை பெரிய டொக்டர் லீவில் மலைநாட்டுக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக ஓர் ஆங்கிலேய டொக்டர் வார்ட்டைப் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர், கெட்டிக்காரர், ஆனால் காலில் போட்ட சப்பாத்தில் நெருப்புப் பற்றிக்கொண்டது போல எப்போதும் ஓட்டம்தான். நோயாளிகளைப் பார்க்க உறவினர் வரும் பின்னேர வேளையில், சேவியர் திடீரென்று கண்ணைத் திறந்து, "பிலோமினா, வருது" என்றார்.

நான் பக்கத்துக் கட்டிலில் இருந்தேன். ஒரே எட்டில் வந்துவிட்டேன். பிலோமினா தலைப்பைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

"பெருவிரல் டொக்டர்! இடது கைப் பெருவிரல்!"

ஆமாம், பெருவிரல்தான். அது மட்டும் துடித்தது. பிறகு மற்ற விரல்கள், மணிக்கட்டு, முழங்கை. இடது பக்க வாயின் ஓரம் இழுத்தது. தலை இடது பக்கம் திரும்பியது. அதன் பிறகுதான் முழு உடம்பும் அடிக்கத் தொடங்கியது. அந்த நிலையில் வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் 'பெரிய வலிப்பு' என்றுதான் எழுதியிருப்பார்கள். தாங்கள் கண்டதைத்தான் எழுதினார்கள், பாவம்.

அந்த வலிப்பு முடிந்த கையோடு அடுத்தது வந்தது. நினைவு திரும்பாமலே மறுபடியும் ஒன்று. வலிப்பை அடக்கும் பராலிடிஹைட் ஊசியைத் தசையில் போட்டேன். அந்த மருந்தின் நாற்றம் வார்ட்டை நிறைத்தது. ஆங்கிலேய டொக்டர் ஓடி வந்தார். உடம்பு தொடச் சுட்டது, கழுத்து இறுகியிருந்தது. "மூளைக்காய்ச்சல். முதுகுத் தண்டில் ஊசி ஏற்றி நீர் எடுக்க வேண்டும், உடனே" என்று கட்டளை போட்டுவிட்டுக் கையுறை மாட்டத் தொடங்கினார். தாதி தட்டைக் கொண்டு வந்துவிட்டார்.

உள்ளே கட்டி வளர்ந்து அழுத்தம் ஏறியிருக்கும் மண்டை, மூடி இறுகிய பானை. கீழே துளை போட்டு நீரை இறக்கினால் மூளை கீழே சறுக்கி, மூச்சை நடத்தும் இடத்தை நசுக்கும். ஊசியை எடுப்பதற்குள் ஆள் போய்விடலாம். ஆனால் அவர் வெள்ளைக்காரர், எனக்கு மேலதிகாரி. என் கையில் இருந்ததோ ஒரு பெருவிரல் மட்டும்.

மேலதிகாரியிடம் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டி வந்தால் வெறும் வாயோடு சொல்லாதீர்கள், காட்டுவதற்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கண்ணின் உட்புறம் பார்க்கும் எங்கள் வார்ட்டுக் கருவி யுத்தத்தால் பற்றரி இல்லாமல் செத்துக் கிடந்தது. "நான் வரும்வரைக்கும் ஊசி ஏற்ற வேண்டாம் சேர், கெஞ்சிக் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கண் வார்ட்டுக்குப் பறந்தேன். அங்கே ஒரு கருவியைக் கடன் கேட்கவில்லை, பிடுங்கிக்கொண்டு வந்தேன். சேவியரின் இமையைத் தூக்கிப் பார்த்தேன். பார்வை நரம்பு கண்ணுக்குள் வந்து சேரும் இடம் வட்டமாக, ஓரம் தெளிவாக இருக்க வேண்டும். அவருக்கு ஓரமே இல்லை. வீங்கிப் புடைத்துக் கிடந்தது.

நாங்கள் இங்கிலீஷில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"ஊசி ஏற்றினால் இவர் செத்துப்போவார் சேர்."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"இடது பெருவிரலில் தொடங்கியதை என் கண்ணால் பார்த்தேன். இதை நீங்கள் பாருங்கள்."

கருவியை நீட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். எப்போதும் ஓடும் மனிதர் நீண்ட நேரம் அசையாமல் பார்த்தார். நிமிர்ந்து கையுறையைக் கழற்றி, தாதியிடம் தட்டைக் கொண்டு போகச் சொன்னார். பிறகு என்னிடம், "சரி, உன் நோயாளி. என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டார். அந்த மனிதரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். போட்ட கட்டளையைத் திருப்பி எடுக்கத் தெரிந்த டொக்டர்மார் எந்த நிறத்திலும் குறைவுதான்.

அழுத்தத்தை இறக்கக் கடும் சீனிக் கரைசலை இரத்த நாளத்தில் ஏற்றினோம். ஃபீனோபார்பிட்டோனையும் ஊசியாகக் கொடுத்தோம். பொழுது சாய்வதற்குள் வலிப்பு ஓய்ந்தது. அடுத்த நாள் எக்ஸ்றே படத்தில், வலது காதுக்கு மேலே, மண்டையோடு ஓரிடத்தில் கொஞ்சம் தடித்திருந்தது. பெருவிரல் வழி காட்டியிராவிட்டால் அந்தத் தடிப்பை நானும் கவனிக்காமல் விட்டிருப்பேன்.

மண்டையைத் திறக்க வேண்டும். எங்கள் சேர்ஜன் வயிற்றைத் திறப்பதில் சூரர், மண்டையோடு என்றால் விரல் விட்டு எண்ணக்கூடிய அனுபவம்தான். அதை அவர் மறைக்கவில்லை. மேசையிலேயே உயிர் போகலாம் என்றார். சொல்லிவிட்டு, பிலோமினாவிடம் பேசும் வேலையை என் தலையில் கட்டினார்.

"வெட்டினா இவருக்குக் கை போகுமோ, உயிர் போகுமோ?" என்று பிலோமினா கேட்டார்.

"ரெண்டும் போகலாம் அக்கா. ரெண்டும் நிக்கவும் கூடும். வெட்டாம விட்டா முதல் கண் போகும், பிறகு உயிர் கட்டாயம் போகும்."

"வெட்டினா வலிப்பு நிக்குமோ?"

"அதுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டன்."

"அப்ப எதுக்கு வெட்டுறது?"

"அவர் இருக்கிறதுக்கு."

பிலோமினா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "செய்யுங்கோ. மாதா இஞ்சயும் இருப்பா" என்றார். பொய்யான வாக்கு ஒன்றைக் கொடுத்து அந்தச் சம்மதத்தை வாங்கியிருக்கலாம், சுலபம்தான். அப்படி வாங்கியிருந்தால் பிறகு நடந்ததைப் பார்த்து அவர் என் முகத்தில் காறித் துப்பியிருப்பார், நியாயமாகவும் இருந்திருக்கும்.

கட்டி மூளையின் மேல் உறையில் வளர்ந்து கீழே அழுத்திக்கொண்டிருந்தது. புளிக்குப் பிழியும் பெரிய தேசிக்காய் அளவு. மூளைக்குள் வேரோடாத வகை. சேர்ஜன் மூச்சு விடாமல் அதைப் பிரித்து எடுத்தார். மேசையில் இரண்டு தடவை இரத்த அழுத்தம் விழுந்தது, இரண்டு தடவையும் மீண்டது. மூன்றாம் நாள் சேவியர் கண் விழித்து, சோறு எங்கே என்று கேட்டார். இடது கையில் பலம் குறைந்திருந்தது, கிரேன் பிடிக்க முடியாது என்று தெரிந்தது. ஆனால் தலையிடி இல்லை, அந்தத் தூக்க மயக்கம் இல்லை, ஆள் ஆளாக இருந்தார். வார்ட் பணியாளர் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

இனிக் குளிசையை நிறுத்திவிடலாமே என்று சேர்ஜன் கேட்டார். கூடவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். கட்டி போனாலும் அது மிதித்துக்கொண்டிருந்த இடம் போய்விடவில்லை. அந்த இடம் புண்பட்ட இடம், அதற்கு ரோஷம் இருக்கும். வலிப்புக்குக் கட்டி ஒரு காரணம், தழும்பு இன்னொரு காரணம். கட்டியை எடுத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் மருந்தைக் கை கழுவி விடுகிற டொக்டர்மாரை நான் பிறகும் கண்டிருக்கிறேன், உங்களில் ஒருவராவது அப்படிச் செய்தால் தேடி வந்து ஏசுவேன்.

வீட்டுக்கு அனுப்ப நாள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், உறவினர் வந்திருந்த நேரம், "வருது" என்று அந்தக் குரல் மறுபடியும் கேட்டது.

சேர்ஜன் அப்போது அங்கேதான் நின்றார், அவர் முகம் செத்துவிட்டது. "எல்லாம் வீண்" என்று இங்கிலீஷில் முணுமுணுத்தார். நான் அவருடைய முழங்கையைப் பிடித்து, "இல்லை சேர், கொஞ்சம் பாருங்கள்" என்றேன்.

இடது பெருவிரல் துடித்தது. விரல்கள், மணிக்கட்டு. முழங்கைக்கு ஏறியது. வாயின் ஓரத்தைப் பார்த்தேன். இழுக்கவில்லை. தலை திரும்பவில்லை. துடிப்பு முழங்கையிலேயே நின்று தடுமாறியது. சேவியரின் கண்கள் திறந்தே இருந்தன. அவர் தன்னுடைய கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறொருவருடைய கை என்பது போல. பிறகு பிலோமினாவைப் பார்த்தார். அவர் எங்கும் ஓடாமல் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கை இன்னும் துடித்துக்கொண்டிருக்கும்போதே சேவியர் சொன்னார்:

"அழாத, பிலோமினா. இந்த முறை நான் எங்கயும் போகேல்ல. இஞ்சதான் இருக்கிறன்."